கிழவர் கைவிட்ட படமும் எங்கள் அடுப்படிச் சுவரும்

விடியற்காலைக் குளிரில் அடுப்படிப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. டொக்... டொக். அவசரமே இல்லாத இரண்டு தட்டு. எனக்குப் பழகிய சத்தம்தான். மற்ற நாளாக இருந்தால் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். ஆனால் அன்றைக்கு அண்ணன் வீட்டில் இருந்தான்.

அண்ணன் சிவா கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறவன். நல்ல நாள் பெருநாளுக்கு மட்டும் பதுளைக்கு பஸ் ஏறுகிறவன். எழும்பிப் போய்ப் பார்த்தால், அடுப்படி வாசலில் சாரத்தை முடிந்துகொண்டு சிலையாக நிற்கிறான். உள்ளே அம்மா பின்சுவரோடு காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி, கேத்தலைத் தூக்கிக் கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றினார்.

"யாருக்கும்மா தட்டுற?" என்றான் அண்ணன்.

"ஒனக்கு சீனி போட்டு வேணுமா, போடாம வேணுமா?" என்றார் அம்மா.

அண்ணன் என் கையைப் பிடித்து முன்னால் இஸ்தோப்புத் திண்ணைக்கு இழுத்துக்கொண்டு வந்தான். வெளியே மலை தெரியாத அளவுக்குப் பனி.

"எத்தன நாளா இது?"

"இந்த வீட்டுக்குக் குடி வந்ததுல இருந்து."

"அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்னா இருக்குன்னு தெரியுமில்ல? மண்ணு! வெட்டி விட்ட மண் மேடு! மண்ணுக்கா அம்மா தேத்தண்ணி போட்டுக் கூப்பிடுது?"

"பழக்கம் அண்ணே."

"பழக்கம் இல்ல மேகலா, இது வருத்தம். புத்தி தடுமாறுது. அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன். கொழும்புல நல்ல டாக்டர் இருக்காரு. எங்க வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறேன்."

அண்ணனின் வீடு ஒரு மாடிக் குடியிருப்பில் மேலே இருக்கிறது. அண்ணன், அண்ணி இருவரும் வேலைக்குப் போனபின் வெளிக் கதவைப் பூட்டி விடுவார்கள். மண்ணில் கால் படாத வீடு. அம்மாவை அங்கே கொண்டுபோய் வைத்து, மாத்திரையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அண்ணன் கெட்டவன் என்றால் நான்கு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன். அவன் நல்லவன். நல்லவர்களோடு சண்டை போடுவதுதான் பெரும் பாடு.

போன வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் சித்தப்பாமார் பண்ணும் கூத்தை எழுதியிருந்தேன். சில சித்தப்பாமார் என் ஸ்டூடியோவுக்கே வந்து சத்தம் போட்டார்கள். வரட்டும், போடட்டும். இந்த வாரம் நான் சண்டை பிடிக்கப்போவது கடலுக்கு அந்தப் பக்கம், பனிக்கட்டி விழும் ஒரு தேசத்தில் இருக்கும் கிழவர் ஒருவரோடு. உலகம் முழுக்க அவருக்கு ரசிகர்கள். நானும் ஒருத்தி. அதனால்தான் சண்டை.

அந்தக் கிழவரைப் பற்றி

அவர் கார்ட்டூன் படங்கள் எடுக்கிறவர். கார்ட்டூன் என்றதும் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். எல்லாம் கையால் வரைந்த படங்கள். கடலுக்கு அடியில் பேக்கரி நடத்தும் கிழவியின் படத்தைப் பார்த்துவிட்டு, பாண் வாசம் மூக்கில் ஏறி, பதுளை டவுனில் கடை கடையாக அலைந்தவள் நான். ஆட்டுக்குட்டியைத் தேடி நிலாவுக்கு ஏணி போடும் பையனின் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவருடைய ரசிகர்கள் சித்தப்பாமாரைவிட மோசமாக வருவார்கள்.

எனக்கு அவரைக் காட்டியவர் ஞானம் சேர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நில அளவைத் திணைக்களத்தில் வேலையாக ஊவா மலை முழுவதும் அளந்து, ஓய்வு பெற்றபின் பதுளையிலேயே தங்கிவிட்டவர். ஒரு டியூஷன் வகுப்பின் மேல்மாடியில், மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், ஒரு திரைப்பட வட்டம் நடத்துகிறார். என்னை அதில் சேர்த்தது என் ரசனைக்காக இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வீடுகளுக்காக வாங்கிய புரொஜெக்டர் இருக்கிறது. அதற்காகச் சேர்த்தார்கள்.

அந்தக் கிழவர் எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் ஒருவருக்கும் பிடிக்காது. ரசிகர்களுக்குப் பிடிக்காது. எழுதுகிறவர்களுக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும்விட, அவருக்கே பிடிக்காது. அது தன் கோபத்தில் பிறந்த படம், காசு முடிந்துபோய் அரைகுறையாக விட்ட படம் என்று கேட்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதன் பெயர் என் வாயில் நுழையாது. ஞானம் சேர் தமிழில் 'நீள வீடு' என்று பெயர் வைத்திருந்தார்.

கதை இவ்வளவுதான். மீனுக்கு உப்புப் போடும் தொழிற்சாலை ஒன்று. அதில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவில் ஒரு சுவர். அதில் இல்மா என்று ஒரு பெண், பக்கத்து அறைக்காரியோடு சுவரில் தட்டித் தட்டியே பேசுவாள். பேச்சு மிகக் குறைவு, தட்டுத்தான் நிறைய. பிறகு தொழிற்சாலை மூடப்படுகிறது. ஆளுக்கொரு தனி வீடு கொடுக்கிறார்கள். இல்மா புது வீட்டில் அடுப்பை மூட்டுகிறாள். சுவரில் தட்டுகிறாள். பதில் இல்லை. அடுப்புச் சத்தம் மட்டும் நீளமாகக் கேட்கிறது. ஜன்னலில் பனி விழுகிறது. படம் முடிந்துவிடுகிறது.

வட்டத்தில் இந்தப் படத்தை முன்பு ஒரு தடவை போட்டார்கள். ஒருவர் குறட்டை விட்டார். இன்னொருவர் டிஸ்க் பழுது என்று நினைத்து புரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தார். நான் மட்டும் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் குறை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. குறை கொட்டிக் கிடக்கிறது. ஒரு காட்சியில் சாம்பல் நிறமாக இருக்கும் சுவர் அடுத்த காட்சியில் நீலமாகிவிடும். இல்மாவின் கைவிரல்கள் சில இடங்களில் வரைந்து முடிக்கப்படவே இல்லை. அதனால் என்ன? எங்கள் சுவரும்தான் ஒரு மூலையில் நீலம், ஒரு மூலையில் கரி.

சுவர் பேசிய காலம்

லயத்தில் பிறக்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நாங்கள் இருந்தது பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் நீளமாக ஒரு கட்டடம், அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அதுதான் லயம். நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் தலைமுடியில் மணக்கும். எங்கள் வீட்டில் அப்பா இருமினால் பக்கத்து வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள்.

இதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. லயம் ஒரு கேடுகெட்ட வீடு. மழைக்கு ஒழுகும், ஒரு ரகசியம் பேச முடியாது, குமர்ப்பிள்ளை உடுப்பு மாற்றுவதற்கு இடமில்லை. அதிலிருந்து வெளியே வந்ததற்காக நான் ஒரு நாளும் அழவில்லை. இனியும் அழமாட்டேன்.

ஆனால் சுவர் பேசியது. அது உண்மை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால், பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம், தேத்தண்ணீர் கொதித்ததும் அம்மா நிதானமாக இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து பாக்கியம் பெரியம்மா இரண்டு தட்டுத் திருப்பித் தட்டுவார். எழும்பிவிட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். அவர் வீட்டில் முதலில் கொதித்தால் அவர் தட்டுவார். பொதுப் பீலிக் குழாயில் தண்ணீர் வந்தால் ஒரு தட்டு. படபடவென்று நிறுத்தாமல் தட்டினால் ஆபத்து. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேசப் பழகியதுபோல் தட்டவும் பழகிக்கொண்டோம்.

அந்த ஆபத்துத் தட்டை நான் ஒரு தடவைதான் கேட்டேன். நாள் கணக்கில் மழை பெய்த ஓர் ஐப்பசி. வெளிச்சம் வந்தும் வராத நேரம். அம்மா அடுப்படியில் இருந்தார். மலை உறுமுவதுபோல் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது. சுவரில் இரண்டு உள்ளங்கையாலும் படபடவென்று அடித்தார். பாக்கியம் பெரியம்மா தன் அடுத்த சுவரில் அடித்தார். அவருக்கு அடுத்த காம்பரா, அதற்கு அடுத்தது என்று அந்தச் சத்தம் லயத்தின் கடைசித் தொங்கல் வரைக்கும் ஓடியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கோயில் பக்கம் ஓடினோம். பின்னால் திரும்பிப் பார்த்தபோது அடுப்படி வரிசை முழுவதும் மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு நிலம், ஒரு தனி வீடு. எங்கள் வீடு சரிவை வெட்டிய இடத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு முற்றம் தாண்டிப் போக வேண்டும். பாக்கியம் பெரியம்மா இங்கே வரவில்லை. மகளோடு மொனராகலைக்குப் போய்விட்டார். அங்கே வெயில் சுட்டெரிக்கிறது என்று அம்மாவுக்கு போனில் முறைப்பாடு சொல்வார். அம்மா போனில் ஒழுங்காகப் பேசமாட்டார். "ம்... ம்... சாப்பிட்டியா... வைக்கிறேன்." அவ்வளவுதான்.

புது வீட்டில் முதல் நாள் அம்மா பாலைக் காய்ச்சி இறக்கிய கையோடு பின்சுவரில் தட்டினார். தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் தட்டுகிறார்.

எங்கள் வரிசையில் இப்படித் தட்டுகிறவர் அம்மா மட்டும் இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்கள் பலர் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். "கை தன்னால போகுது மேகலா. அப்புறந்தான் யாவகம் வருது." ஒருத்தரும் டாக்டரிடம் போகவில்லை. ஏனென்றால் அவர்களுக்குக் கொழும்பில் கணக்குப் பார்க்கும் மகன் இல்லை.

ஞானம் சேரோடு மல்லுக்கட்டு

அண்ணன் போன பிறகு போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்குச் சந்தைக் கணக்குத் தவறாது, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் மறக்காது, பஸ் மாறி ஹாலிஎல போய் வருவார் என்றேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டு, "அப்ப ஏன் செவுத்துல காத வக்கிது?" என்றான். அதற்குப் பதில் அந்தப் படத்தில் இருந்தது.

வட்டத்தில் அந்தக் கிழவரின் படங்களை மாதம் ஒன்றாக மறுபடி போட்டுக்கொண்டிருந்தோம். கடைசி மாதத்துக்கு எந்தப் படம் என்று பேச்சு வந்தபோது 'நீள வீடு' என்றேன். ஞானம் சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, பெத்த தகப்பனே வேண்டாம் எண்டு தள்ளி வச்ச படம். அதை ஏன் நாங்கள் தூக்கிக்கொண்டு திரிய வேணும்?"

"தகப்பன் தள்ளி வச்சா புள்ள செத்துப் போச்சா சேர்? நான் எடுத்து வளக்கிறேன்."

"உமக்கு விசயம் தெரியாது போல. அவர் பழைய படங்களை எல்லாம் துப்புரவாக்கித் திருப்பி வெளியிடுறார். இதையும் திருத்தப் போறாராம். கடைசியில பதில் தட்டு ஒண்டு கேக்கிற மாதிரி. அது வரட்டும், அப்ப போடுவம். சனம் நிம்மதியா வீட்டை போகும்."

யாரோ என் வீட்டுக்குள் புகுந்து சுவரை இடிக்கப்போகிறேன் என்று சொன்னதுபோல் இருந்தது.

"பதில் தட்டா? எங்க இருந்து வரும் அந்தத் தட்டு? மண்ணுக்குள்ள இருந்தா? அவரு படம் எடுத்தாரு, சரி. ஆனா இது என் கதை சேர். அவருக்கு அதைத் தொட உரிமையில்ல."

"அவரின்ர படம் பிள்ளை."

"அவரு வேணாம்னு சொல்லிட்டாருல்ல? அப்ப எங்களுது."

வட்டத்தில் மற்றவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். வாக்கெடுப்பு வைத்தார்கள். எனக்கு விழுந்தது என்னுடைய கை மட்டும். பேக்கரிக் கிழவி வென்றாள். நானும் அவளை மிகவும் நேசிக்கிறேன், ஆனால் அன்றைக்கு அவளைக் கண்ணால் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அப்ப அந்த டிஸ்க்கையாவது குடுங்க சேர். எங்க ஊர்ல போடுறேன்."

"லயத்துச் சனத்துக்கோ?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "உங்கட சனத்துக்கோ?" என்று திருத்தினார். "ஒரு சண்டை இல்லை, ஒரு பாட்டு இல்லை. எழும்பிப் போயிடுவினம். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"எழும்பிப் போனா போகட்டும். ஒருத்தர் இருந்தா எனக்குப் போதும்."

டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். அந்த ஒருத்தர் யார் என்று அவரிடம் சொல்லவில்லை.

கம்பளி போட்ட ஜன்னல்

அண்ணன் சொன்னபடியே அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வந்தான். அம்மாவின் துணிகளை எடுத்து ஒரு பையில் அடுக்கி, அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினான். திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு இரண்டு சீட். வாயாடியான அம்மா பையைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் மட்டும் உரித்தார்.

ஞாயிறு பின்னேரம் எங்கள் முன்பள்ளிக் கட்டடத்தில் படம் போட்டேன். ஜன்னலை மறைக்கத் துணி இல்லை. மழைக்குக் கொழுந்தெடுக்கும்போது போர்த்துகிற கம்பளிகளை ஆளுக்கொன்று கொண்டுவந்து மாட்டினார்கள். ஈரக் கம்பளி வாசம் மூக்கைத் துளைத்தது. பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஞானம் சேர், நான் அழைக்காமலே பசறை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். சனம் எழும்பிப் போவதைப் பார்க்க வந்தாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நாற்காலி தேடிக் கொடுத்தேன்.

அண்ணனை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "கார்ட்டூனா? எனக்கு வேற வேல இல்லையா?" என்றான். "உக்காரு அண்ணே. நான் உங்கிட்ட வேற எதுவுமே கேக்கமாட்டேன்" என்றேன்.

படம் தொடங்கியது. ஞானம் சேர் சொன்னதுபோலவே சிலர் எழும்பினார்கள். "சண்ட எப்ப வரும்?" என்று பின்னால் ஒரு குரல். பொடியன்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது திரையில் இல்மா கேத்தலை இறக்கினாள். சுவரில் இரண்டு தட்டு. அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு.

"ஐயோ, நம்ம லயம்டி!" என்று யாரோ கத்தினார்கள். கட்டடமே சிரித்தது. எழும்பியவர்கள் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர் அர்த்தம் சொன்னார். "தண்ணி வந்துருச்சாம்." "இல்லடி, உப்புக் கேக்குறா." சுவரின் நிறம் மாறியதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. வரைந்து முடியாத விரல்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. புது வீடு. இல்மா அடுப்பை மூட்டினாள். தட்டினாள். காதை வைத்தாள்.

திரையில் பனி விழுந்துகொண்டே இருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெண் முந்தானையை வாயில் வைத்து அமுக்கினாள். அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பதில் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது.

அப்போது அம்மாவின் குரல் கேட்டது.

"அவளுக்குத் தெரியும்டா, அங்க யாருமில்லன்னு."

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னது அண்ணனுக்கு.

"தெரிஞ்சுதான் தட்டுறா. தட்டலன்னா பக்கத்துல இருந்தவ எடமே இல்லன்னு ஆயிரும்ல? காத வக்கிறது பைத்தியத்துல இல்ல. மழ காலத்துல மண்ணு என்னா செய்யிதுன்னும் கேக்கணும்ல. மண்ணு சரிஞ்ச அன்னக்கி நாந்தான் கேட்டேன். நீ கொழும்புல இருந்த."

யாரோ கம்பளியை விலக்கினார்கள். வெளிச்சம் உள்ளே வந்தது. அண்ணன் எழும்பி, ஒருவரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

ஞானம் சேர் என்னிடம் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பிள்ளை, அது இன்னமும் கூடாத படம்தான்," என்றார். "ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை."

"பந்து வெளாடப் போனாங்க சேர்," என்றேன். பொய் சொல்வானேன்.

பின்சுவர்

அன்றிரவும் பை ஆணியில் தொங்கியது. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் படுத்தேன். ஒரு கெட்ட படத்தை நம்பி அம்மாவைப் பறிகொடுக்கப்போகிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விடியற்காலையில் அடுப்படியில் விறகு முறியும் சத்தம் கேட்டது. பாயை விட்டு எழும்பி வாசலில் போய் நின்றேன். கேத்தல் கொதித்தது. அம்மா அதை இறக்கினார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். பின்சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்தார்.

டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அம்மா அப்படியே நின்றுவிட்டார். அம்மாவின் முகத்தில் அந்த நேரம் இருந்ததை எந்தக் கமெராவாலும் பிடிக்க முடியாது, நான் எத்தனை கல்யாணம் எடுத்தவளாக இருந்தாலும். பிறகு அவருடைய பழைய குரல் திரும்பி வந்தது.

"எவன்டா அவன், சாக்கடைக்குள்ள நின்னு தட்டுறவன்?"

"நாந்தாம்மா. அட்டை கடிக்கிது. தேத்தண்ணி ஊத்து."

சுவருக்கும் மண் மேட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையத்தான் இடம் இருக்கிறது. அண்ணன் பஸ்ஸுக்கென்று உடுத்தியிருந்த காற்சட்டையோடு அதற்குள் போய் நின்றிருக்கிறான். முழங்கால்வரை சேறு. அடுப்படிக்குள் வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. கணுக்காலில் ரத்தம் வழிந்தது.

"கால கழுவிட்டு வா மாடே," என்றார் அம்மா. சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அன்றைய பஸ்ஸில் ஒரு சீட் வெறுமையாகப் போனது. போவதற்கு முன்னால் அண்ணன் பின்பக்கம் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து, மண் மேட்டுக்குக் கல் அணைப்புச் சுவர் கட்ட வேண்டும் என்றான். அம்மா காது வைத்து எதைக் கேட்டார் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது. கடையில் சொல்லி சீமெந்துக்கு வழி பார்க்கிறேன் என்றான். பையில் இருந்த துணிகளை அம்மா ஒவ்வொன்றாக உதறி மடித்துப் பெட்டியில் வைத்தார். ஆணியில் இப்போது என் குடை தொங்குகிறது.

திரையில் ஒரு பதில் தட்டு கேட்டிருந்தால் எல்லோரும் கைதட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். அண்ணனும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். காலையில் எழும்பி அம்மாவையும் பையையும் பஸ்ஸில் ஏற்றியிருப்பான். அங்கே பதில் வரவில்லை. அதனால்தான் அவன் சேற்றுக்குள் இறங்கினான்.

இப்போது அந்த வேலை என்னுடையது. விடியற்காலையில் அம்மா அடுப்பை மூட்டும்போதே நான் நைசாக வெளியே போய்ப் பின்னால் நின்றுகொள்வேன். குளிர் எலும்பில் ஏறும். அட்டை கடிக்கும். நான் அங்கே நிற்பது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் தட்டுகிறார். சில நாள் வேண்டுமென்றே தாமதிப்பார், நான் நடுங்கட்டும் என்று.

பனி தேசத்துக் கிழவரே, உங்கள் மற்றப் படங்களை எப்படி வேண்டுமானாலும் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். 'நீள வீட்டில்' மட்டும் கை வைக்காதீர்கள். பதில் தட்டு உங்கள் வேலை இல்லை. அதை நாங்கள் தட்டிக்கொள்கிறோம்.